ஒன்னு விட்டு ஒன்னு

நான் இஞ்சினியர் இல்லை. இதை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன். தள்ளிப்போட்டால் மனசு மாறிவிடும்; என் மனசைப் பற்றி எனக்கு நல்லாவே தெரியும்.

வளைகுடா நாடு ஒன்றில், எண்ணெய் சுத்திகரிக்கும் ஆலையில் பதினோரு வருஷம் வேலை செய்தேன். வேலை என்றால் கழுவுகிற வேலை. அங்கே ஹீட் எக்ஸ்சேஞ்சர் என்று வரிசை வரிசையாகப் பெரிய பீப்பாய்கள் படுத்துக் கிடக்கும். ஒவ்வொன்றுக்குள்ளும் கட்டுக்கட்டாக மெல்லிய குழாய்கள். குழாய்க்குள்ளே ஒன்று ஓடும், வெளியே இன்னொன்று ஓடும். இரண்டும் கலக்காது, ஆனால் சூடு மட்டும் இதிலிருந்து அதற்குப் போய்விடும். அழுக்கு படிந்ததும் குழாய்க் கட்டை முழுசாக உருவி முற்றத்தில் கிடத்துவார்கள். நான் ரப்பர் உடுப்பை மாட்டிக்கொண்டு வெயில் சாயும்வரை தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுவேன், பிறகு காலிப் பீப்பாய்க்குள் நுழைந்து அதையும் சுரண்டுவேன். பதினோரு வருஷமும் அதேதான். நடுவில் பதவி உயர்வு என்று ஒன்று வந்தது. இன்னும் பெரிய பீப்பாய் கொடுத்தார்கள்.

லீவில் வந்தபோது ஊரில் என்ன வேலை என்று கேட்டார்கள். "ஹீட் எக்ஸ்சேஞ்சர் டிபார்ட்மென்ட்" என்றேன். சத்தியமாக அவ்வளவுதான் சொன்னேன், மிச்சத்தைத் தோட்டமே சொல்லிக்கொண்டது. இலங்கையில், பதுளையிலிருந்து பஸ்ஸில் ஏறினால் முக்கால் மணி நேரம் எங்கள் தேயிலைத் தோட்டம். பெயர் வேண்டாம், ஏற்கெனவே எனக்கு அங்கே போதுமான பெயர் இருக்கிறது. மேல் லயத்து வீட்டு வரிசையில் நான் கம்பெனியில் பெரிய ஆள் ஆனேன். செய்தி கீழ் லயத்துக்கு இறங்குவதற்குள் இஞ்சினியர் ஆகிவிட்டேன். மறுத்திருக்கலாம். வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது? கல்யாணப் பத்திரிகையில் என் பெயருக்குக் கீழே 'பொறியியலாளர்' என்று அச்சாகி வந்தபோதுகூட, எழுத்து கொஞ்சம் சின்னதாக இருக்கிறதே என்றுதான் எனக்குக் கவலை. மாமனார் அந்தப் பத்திரிகைக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு முருகனுக்கும் லட்சுமிக்கும் நடுவில் மாட்டியிருக்கிறார்.

ஒரேயடியாகத் திரும்பி வந்த பிறகு தண்ணீர் மோட்டார், கிரைண்டர், சைக்கிள் என்று எதையாவது திருத்திக் கொடுத்துப் பிழைப்பு ஓடியது. ஐந்து நிமிஷ வேலையை அரை நாள் பார்ப்பேன். இஞ்சினியர் என்றால் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா நிற்கவேண்டும் என்பதை அங்கே பார்த்து வைத்திருந்தேன். அது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த இஞ்சினியர் வேலை.

என் மனைவியின் தம்பி எங்கள் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறான். நான் அவனை மச்சான் என்பேன், அவனும் என்னை மச்சான் என்பான். சின்ன வயதில் கொழுந்து லொறியிலிருந்து விழுந்து அவனுக்கு இடது கால் சரியாக மடங்காது. மலையில் ஏறி இறங்குகிற எந்த வேலையும் அவனால் முடியாது. அதனால் எட்டு வருஷமாக டிரையருக்கு நெருப்புப் போடுகிற வேலை. விறகு எரிகிற புகை ஒரு ஹீட்டரின் குழாய்களுக்குள்ளால் போகும். குழாய்களுக்கு வெளியே காற்று ஓடிச் சூடாகி டிரையருக்குப் போய்த் தேயிலையைக் காயவைக்கும். வெப்பமானி முள் இருநூறு டிகிரி பாரன்ஹீட்டைத் தொடவேண்டும். போன வருஷம் அது நூற்றி எழுபதுக்கு மேல் ஏறவே மாட்டேன் என்றது.

அதுவும் எந்த நேரம் பார்த்து? ஆடி, ஆவணியின் வறண்ட காற்றில். ஊவாத் தேயிலைக்கு வாசம் வருகிறதே அந்த இரண்டு மாசம். கொழும்பிலிருந்து தூளில் ஈரம் இருக்கிறது என்று கடிதம் வந்தது. தொழிற்சாலைக்குப் பொறுப்பான அதிகாரியை நாங்கள் டீமேக்கர் ஐயா என்போம். அவர் கெட்ட மனுஷன் இல்லை, ஆனால் அந்தக் கடிதத்துக்கு யாராவது ஒருவர் பதில் சொல்லியாகவேண்டுமே. "இந்த மாசத்துக்குள்ள முள்ளு ஏறல்லன்னா, நெருப்புக்கு வேற ஆள் போடுவேன். நீ மலைக்குப் போ," என்று மச்சானிடம் சொல்லிவிட்டார்.

மலைக்குப் போ என்றால் அவனுக்கு வேலையை விட்டுப் போ என்றுதான் அர்த்தம். என் மனைவி அழுதாள். அழுகை முடிந்ததும் என்னைப் பார்த்தாள். "நீங்க இஞ்சினியர்தானே? போய்ப் பாருங்களேன்."

போனேன். ஞாயிற்றுக்கிழமை, தொழிற்சாலையில் யாரும் இல்லாத நேரம். மச்சான் டோர்ச் பிடிக்க, பழைய சாரத்தைக் கட்டிக்கொண்டு ஹீட்டரின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி உள்ளே நுழைந்தேன். நுழைந்ததுமே தெரிந்துவிட்டது. இதைச் சொல்லும்போது மட்டும் எனக்குக் கொஞ்சம் பெருமைப்பட உரிமை கொடுங்கள், இனி இந்தக் கதையில் அதற்கு இடமே கிடையாது.

ஹீட் எக்ஸ்சேஞ்சருக்குள் குழாய்களுக்குக் குறுக்கே வட்டத் தகடுகள் நிற்கும். பாஃபிள் என்பார்கள். ஓட்டை ஓட்டையாகக் குத்திய ரொட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டைகளுக்குள்ளால் குழாய்கள் போகும். ஒவ்வொரு ரொட்டியிலும் ஒரு ஓரத்தைக் கால்வாசி வெட்டியிருப்பார்கள். முதல் தகட்டில் வெட்டு மேலே என்றால் அடுத்ததில் கீழே, அதற்கடுத்ததில் மறுபடி மேலே. காற்று ஒரு தகட்டுக்கு மேலால் ஏறி, அடுத்ததற்குக் கீழால் இறங்கி, எல்லாக் குழாய்களையும் உரசிக்கொண்டுதான் போகமுடியும். அப்படி அலைந்தால்தான் சூடு பிடிக்கும். தகடுகள் குழாய்களை ஆடாமல் தாங்கியும் பிடிக்கும். எங்கள் ஹீட்டரில் தகடுகள் துருவேறி உதிர்ந்து வெறும் விளிம்புதான் மிச்சம் இருந்தது. காற்று உள்ளே வந்து நேராக வெளியே போய்க்கொண்டிருந்தது.

மறுநாள் இஸ்திரி போட்ட நீளக் காற்சட்டையும் வெள்ளைச் சட்டையுமாக டீமேக்கர் ஐயா முன்னால் நின்றேன். "ஐயா, தெமோதரையில ரயில் நேரா வந்தா மலை ஏற முடியுமா? சுத்தி வந்து, தன்னோட பாதைக்கே கீழால போறதாலதானே ஏறுது? காத்தும் அப்படித்தான். சுத்தவிடணும்." அவர் தலையாட்டினார். எனக்குத் தலை நிற்கவில்லை. ஆறு தகடு, ஒவ்வொன்றும் இத்தனை அங்குல இடைவெளி என்று ஒரு கலண்டர் தாளின் பின்பக்கம் வரைந்து கொடுத்தேன். படத்துக்குக் கீழே கையெழுத்து வேறு போட்டேன். யாரும் கேட்கவில்லை.

வேலைக்குப் பதுளையிலிருந்து ஒரு வெல்டர் வந்தார். நல்ல வேலைக்காரர், அதிகம் பேசமாட்டார். ஆறு தகடும் சுத்தமாக வெட்டி, ஓட்டை போட்டு வைத்திருந்தார். பீப்பாய்க்குள் ஆறு இடத்தில் சோக் கோடும் போட்டிருந்தார். "எப்படிப் போடணும் சார்?" என்றார். அந்த 'சார்' எனக்கு அப்படி இனித்தது. நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, வளைகுடாவில் இஞ்சினியர்கள் நிற்கிற மாதிரி நின்று, "ஒன்னு விட்டு ஒன்னு தலைகீழாப் போடுங்க," என்றேன். சொல்லிவிட்டுப் புருவத்தையும் சுருக்கினேன்.

மூன்றாம் நாள் அவர் வந்து, "சார், மூணு தகடு மிச்சம் இருக்கே?" என்று கேட்டார். ஆறு போடச் சொன்ன இடத்தில் மூன்று மிஞ்சினால் என்ன அர்த்தம் என்று குழந்தைக்கும் தெரியும். நான் அப்போது போனில் யாருடைய கிரைண்டரைப் பற்றியோ இங்கிலீஷ் கலந்து பேசிக்கொண்டிருந்தேன். போனைக் காதிலிருந்து எடுக்காமலே, "ஸ்பேரா இருக்கட்டும், வையுங்க," என்றேன். குனிந்து உள்ளே ஒரு தடவை பார்த்திருக்கலாம். வெள்ளைச் சட்டையில் கரி படும். அங்கே எந்த இஞ்சினியரும் பீப்பாய்க்குள் நுழைந்து நான் பார்த்ததில்லை, நுழைகிறவன் நான்தான்.

குழாய்களைத் திரும்ப நுழைத்து, மூடியைப் பூட்டி, நெருப்புப் போட்டுப் பார்க்கிற நாளும் வந்தது. மச்சான் நன்றாகக் காய்ந்த விறகாகப் பொறுக்கி எடுத்து வைத்திருந்தான். தேயிலை சலிக்கிற அறைப் பெண்கள்கூட வந்து எட்டிப் பார்த்தார்கள். காற்றாடி சுற்றத் தொடங்கியதும் ஹீட்டர் 'ம்ம்ம்ம்' என்று ஒரு சத்தம் போட்டது.

"அது என்ன சத்தம்?" என்றார் டீமேக்கர் ஐயா.

"காத்து நல்லா வேலை செய்யுது ஐயா. அந்தச் சத்தம்."

என் மூஞ்சி! தாங்கிப் பிடிக்கத் தகடு போதாமல் குழாய்கள் நடுங்குகிற சத்தம் அது. அந்தச் சத்தத்தை நான் அங்கே எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். ஆனால் அன்றைக்கு என் காதில் வெறும் பாராட்டு மட்டும்தான் கேட்டுக்கொண்டிருந்தது.

முள் நூற்றைம்பதுக்கு வந்தது. நூற்றி அறுபதுக்கு வந்தது. அங்கேயே உட்கார்ந்துகொண்டது. பழைய துருத் தகட்டோடு ஏறிய அளவுகூட இல்லை. மச்சான் வியர்க்க வியர்க்க விறகு தள்ளினான். ஒரு மணி நேரம் போனது. "புது இரும்பு ஐயா, பழகணும்," என்றேன். இரும்பு பழகுமாம்! இன்றைக்கு நினைத்தாலும் எனக்கே என்னை ஒரு அறை விடவேண்டும் போல இருக்கிறது.

டீமேக்கர் ஐயா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். மரியாதையாக என்னைப் பார்த்தார். பிறகு மச்சானைப் பார்த்தார். "மெஷினை இஞ்சினியர் பாத்தாச்சு. புதுத் தகடும் போட்டாச்சு. இனி மெஷினுல பிழை இல்ல. அப்ப நெருப்புப் போடுற ஆளுலதான் பிழை. நாளைக்குக் காலையில பெரட்டுக்குப் போ. மலையில வேலை தருவாங்க."

என் பட்டம்தான் அவனுக்கு எதிரான சாட்சி. நான் வெறும் மோட்டார் திருத்துகிறவன் என்றிருந்தால், "இவன் ஏதோ சொதப்பிட்டான்" என்று என்னைத் துரத்திவிட்டு வேறு ஆளைக் கூப்பிட்டிருப்பார்கள். இஞ்சினியர் தொட்டதால் ஹீட்டர் தப்பித்தது, மச்சான் மாட்டிக்கொண்டான். அப்போதே சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. வெள்ளைச் சட்டையோடு வீட்டுக்கு நடந்தேன்.

சாயங்காலம் மச்சான் எங்கள் வீட்டுக்கு வந்தான். உள்ளே வராமல் வாசல் இஸ்தோப்பிலேயே, கால் நீட்ட வசதியாகச் சுவரோரம் உட்கார்ந்தான். சண்டைக்கு வந்திருக்கிறான் என்று நினைத்தேன். வந்திருந்தால் சந்தோஷம்.

"மச்சான், கோவிச்சுக்காதீங்க," என்றான். "நீங்க அவ்வளவு செஞ்சும் நான் கெடுத்துட்டேன். எங்க விட்டேன்னுதான் யோசிச்சுக்கிட்டே இருக்கேன். விறகு காஞ்சதுதான். கதவும் நேரத்துக்கு மூடினேன். சாம்பலும் அள்ளினேன். ஒன்னும் வெளங்கல. எட்டு வருஷமாவே தப்பாத்தான் போட்டேனோ என்னமோ."

கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, கிளாஸைக் கழுவி வைத்துவிட்டுப் போனான். நான் அங்கேயே நின்றேன். வேலை போவதை அவன் எப்படியோ தாங்கிக்கொள்வான் போல இருந்தது. தனக்குத் தெரிந்த ஒரே வேலையும் தனக்குத் தெரியாதது என்று அவனை நம்பவைத்துவிட்டேனே, அதைத்தான் என்னால் தாங்கமுடியவில்லை. அங்கேயே மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அவள் சுளகைக் கீழே வைத்தாள். "பதினோரு வருஷமா பைப்பா கழுவினீங்க?"

"ம்."

"கழுவினதைக் கழுவினேன்னு சொல்றதுக்கு என்ன வெக்கம்? நான் அஞ்சு வருஷம் கொழுந்து எடுத்தேன். அதைப் பத்திரிகையில போட வேணாம்னு எங்கப்பாகிட்ட சொன்னேனா?" பிறகுதான் அவளுக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. "எந்தம்பி கால இழுத்துக்கிட்டு நாளைக்கு மலை ஏறணும், நீங்க சட்டையில மடிப்பு கலையாம இஞ்சினியரா இருக்கணுமா? விடிஞ்சதும் போய் ஐயாகிட்ட சொல்லுங்க. இல்லன்னா நான் போய்ச் சொல்லுவேன். நான் சொன்னா நல்லா இருக்காது."

விடிந்ததும், ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கிற பெரட்டுக்காக மச்சான் படி இறங்குவதைப் பார்த்தேன். ஒவ்வொரு படிக்கும் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினான். நான் வேறு வழியால் தொழிற்சாலைக்கு ஓடினேன். வாசலிலேயே எல்லார் முன்னாலும் சொன்னேன்: "ஐயா, நான் இஞ்சினியர் இல்ல. அங்க குழாய் கழுவினவன். பிழை இருந்தா ஹீட்டருலதான் இருக்கும், நெருப்புல இல்ல."

டீமேக்கர் ஐயா சிரித்தார். "மச்சானைக் காப்பாத்த என்ன வேணும்னாலும் சொல்லுவீங்க போல. பெரிய மனசுதான்."

பாருங்கள் என் யோகத்தை! எத்தனை வருஷம் பொய்யாக நின்றேன், ஒருத்தர் சந்தேகப்படவில்லை. ஒரே ஒரு உண்மை சொன்னேன், ஒருத்தர் நம்பவில்லை. எனக்கு வந்த கோபத்தில் சட்டையைக் கழற்றி விறகுக் குவியலில் எறிந்தேன். காவலாளியிடம் ஒரு சாரத்தை வாங்கிக் கட்டிக்கொண்டு, ஸ்பானரை எடுத்து மூடியைக் கழற்றி, தலையை உள்ளே விட்டு, இடது தோளை முதலில் நுழைத்து, பதினோரு வருஷம் நுழைந்த மாதிரியே நுழைந்தேன். வெளியே பேச்சு நின்றது. எந்த இஞ்சினியருக்கும் அப்படி நுழைய வராது என்று அவர்களுக்குப் புரிந்திருக்கவேண்டும்.

உள்ளே மூன்று தகடுகள். முதல் கோடு காலி, இரண்டாவதில் தகடு. மூன்றாவது காலி, நான்காவதில் தகடு. ஐந்தாவது காலி, ஆறாவதில் தகடு. மூன்றுமே தலைகீழ். மூன்றுமே ஒரே பக்கம். காற்றுக்குக் கீழால் தடையே இல்லாத ஒரு நேர் ரோட்டை நான் கையெழுத்துப் போட்டுத் திறந்து வைத்திருந்தேன்.

வெல்டரைக் கூப்பிட்டோம். முதலில் கோபம் அவர் மேல்தான் போனது. "ஒன்னு விட்டு ஒன்னு தலைகீழான்னு சொன்னேனே!"

"அப்படித்தானே போட்டேன்?" என்றார் அவர் அமைதியாக. "ஒன்னை விட்டேன், ஒன்னைத் தலைகீழாப் போட்டேன். ஆஸ்பத்திரியில ஒன்னு விட்டு ஒரு நாள் மருந்து குடின்னா, விட்ட நாள்ல போத்தலைத் தலைகீழாக் கவுத்தா குடிக்கிறோம்? குடிக்கிறதே இல்லையே! மிச்சம் மூணு இருக்குன்னு உங்ககிட்ட கேட்டேன். ஸ்பேர்னு சொன்னீங்க."

'ஒன்று மேலே, அடுத்தது கீழே' என்று நாலு வார்த்தையில் சொல்லியிருக்கலாம். குனிந்து கையால் காட்டியிருக்கலாம். டீமேக்கர் ஐயா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பெரிய மனசு பற்றிய பேச்சு அதற்குப் பிறகு எழவில்லை. "முள்ளு இருநூறைத் தொட்டா அவன் திரும்பி நெருப்புக்கு வருவான். அதுவரைக்கும் மலையிலதான். தொடல்லன்னா நீயும் வந்து பெரட்டுல நில்லு," என்றார். 'நீங்க' என்பது அன்றோடு போனது.

கொழுந்தைப் பக்கத்துத் தோட்டத்துக்கு அனுப்பிவிட்டு, நானும் வெல்டரும் நாலு நாள் வேலை செய்தோம். எல்லாக் குழாய்களையும் உருவி, ஆறு தகடுகளையும் நிறுத்தி, ஒவ்வொன்றுக்கும் "இது மேல, இது கீழ" என்று நான் சொல்ல, அவர் "மேல, கீழ" என்று திருப்பிச் சொன்ன பிறகுதான் பற்றவைத்தோம். ஹீட்டருக்குப் பின்னால் இருக்கிற வாசலால் பார்த்தால் எதிர்மலை தெரியும். அங்கே மச்சானுக்கு மழைத் தண்ணீர் ஓடக் கான் வெட்டுகிற வேலை கொடுத்திருந்தார்கள். சரிவில் நிற்கமுடியாமல் உட்கார்ந்து உட்கார்ந்தே நகர்வான். இரண்டாம் நாள் சறுக்கி விழுந்தான், ஆட்கள் ஓடிப்போய்த் தூக்கினார்கள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான். மத்தியானம் என் மனைவி முதலில் மலைக்குப் போய் அவனுக்கு ரொட்டியும் சம்பலும் கொடுத்துவிட்டு, மிச்சத்தை எனக்குக் கொண்டுவருவாள். நாலு நாளும் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

ஐந்தாம் நாள் காலை நெருப்புப் போட மச்சானையே கூப்பிட்டார்கள். கையில் கீறல், காலில் வீக்கம். விறகைத் தொடவே தயங்கினான். "நீங்க யாராவது போடுங்களேன்," என்றான். "நீதான் போடணும்," என்று நான் கத்தினேன், கத்தியிருக்கவேண்டாம். போட்டான். காற்றாடி சுற்றியது. அந்த நடுங்கல் சத்தம் இல்லை. முள் நூற்றி எழுபதைத் தாண்டியது. நூற்றித் தொண்ணூறில் கொஞ்சம் நின்றது. என் உயிரும் அங்கேயே நின்றது. பிறகு இருநூறு. பிறகு இருநூற்றைந்து. டீமேக்கர் ஐயா முள்ளைத் தட்டிப் பார்த்தார், "சரி," என்று மட்டும் சொன்னார், கொழுந்து வரச்சொல்லி ஆள் அனுப்பினார்.

எல்லாரும் கலைந்தார்கள். நான் கரி அப்பிய சாரத்தோடு ஒரு மரக்குத்தியில் உட்கார்ந்தேன். மச்சான் நெருப்புக் கதவைச் சாத்திவிட்டு, என் பக்கம் திரும்பாமலே கேட்டான்.

"மச்சான், அப்ப நான் முந்தியும் சரியாத்தான் போட்டேனா?"

"சரியாத்தான் போட்டே."

"அந்தத் துருத் தகடு இருந்தப்பவும்?"

"அப்பவும்தான். எட்டு வருஷமும் சரி."

தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்தான், துடைத்துக்கொண்டே இருந்தான்.

"அதை ஐயாகிட்டயும் ஒருக்கா சொல்றீங்களா? அவரு 'ஆளுலதான் பிழை'ன்னு எல்லாருக்கும் முன்னாலதானே சொன்னாரு."

நான் எழுந்து போனேன். சலிக்கிற அறையில், அத்தனை பெண்களுக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தார் டீமேக்கர் ஐயா. மெஷின் சத்தத்துக்கு மேலால் கேட்கவேண்டுமே என்று, இருக்கிற குரலையெல்லாம் கூட்டி, 'குழாய் கழுவுறவன் சொல்றேன்' என்று சொல்லிவிட்டு அதைச் சொன்னேன்.